முன்னால் உள்ள பெயர்

பெயர் கூப்பிடுகிறவருக்கு நல்ல குரல். அதட்டாத, அவசரப்படாத, கல்யாண வீட்டில் பந்திக்கு அழைக்கிற மாதிரியான குரல். இருந்தும் ஒலிபெருக்கி கரகரக்கும்போதெல்லாம் தங்கமாரிக்கு அடிவயிறு ஒரு சுற்றுச் சுருண்டு, பிறகு மெல்லப் பிரிந்தது. கூப்பிடுவது தன் பெயரை இல்லை என்று அவளுக்குத் தெரியும். தன் முறை வருவதற்கு இன்னும் நிறையப் பேர் தாண்ட வேண்டும் என்பதும் தெரியும். வயிறுதான் கேட்கவில்லை, அதற்குப் படிப்பு ஏறாது போலிருக்கிறது. சென்னையில் அந்தப் பெரிய கூடம் முழுக்கப் பிளாஸ்டிக் நாற்காலிகள், நாற்காலிகள் முழுக்கப் பிள்ளைகளும் அவர்களைக் கூட்டி வந்தவர்களும், ஒவ்வொரு மடியிலும் ஒரு ஃபைல், தூங்குகிற கைக்குழந்தையைப் பிடித்திருப்பது போல. பி.எஸ்சி. நர்சிங் கலந்தாய்வு. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றிலும் வாங்கிய மார்க்கை வைத்து வரிசை போட்டுவிட்டார்கள். அந்த வரிசைப்படி கூப்பிடுவார்கள். மேஜைக்குப் போய் மிச்சம் இருக்கிற கல்லூரிகளில் ஒன்றைச் சொல்ல வேண்டும். சொன்ன மாத்திரத்தில் சுவரில் இருக்கிற திரையில் அந்தக் கல்லூரிக்கு நேரே ஓர் எண் குறையும். அவ்வளவுதான் சங்கதி. ரயிலில் இடம் பதிவு செய்கிற மாதிரி. அரசுக் கல்லூரிகள் கொஞ்சம், அவற்றில் அவளுடைய பிரிவுக்கு ஒதுக்கிய இடங்கள் அதிலும் கொஞ்சம், காலையில் பார்த்த எண்கள் இப்போது பாதிக்கு மேல் கரைந்துவிட்டிருந்தன. "மூணு தடவை கூப்பிடுவோம்மா," என்று அந்த நல்ல குரல் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தது. "வரலைன்னா அடுத்த பேரு. பிந்தி வந்தா மிச்சம் இருக்கிறதுதான்." பக்கத்தில் அம்மா, பேச்சியம்மாள், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் அவர்களுடைய மாவுமில்லில் மிளகாய் அரைத்து அரைத்து அம்மாவின் உள்ளங்கை ரேகைகள் சிவந்தே இருக்கும். அந்தக் கையால் முகத்தைத் துடைக்கக்கூடாது என்பது அம்மாவுக்குப் பழக்கமாகி, வேர்வை வழிந்தாலும் தோளால்தான் ஒற்றிக்கொள்வாள். இப்போதும் தோளால்தான் ஒற்றினாள். "எத்தனைட்டி இருக்கு நம்மளுக்கு?" என்று கேட்டாள். தங்கமாரி எண்ணிச் சொன்னாள். சொன்னதும் அந்த எண் அவள் வாயிலேயே ஒட்டிக்கொண்டது. போதும், போதாது, போதும், போதாது. முன்னால் இருக்கிற பிள்ளைகளில் சிலர் தனியாரைக் கேட்பார்கள், சிலர் வரமாட்டார்கள், சிலருக்கு வேறு படிப்பு கிடைத்திருக்கும். ஒன்று மட்டும் நிச்சயம். தனக்கு நேர் முன்னால் ஒருத்தி இருக்கிறாள்.

அகிலாண்டேஸ்வரி, கே.

பட்டியல் வந்த அன்று பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிற கம்ப்யூட்டர் சென்டரில் அந்தப் பெயரைத்தான் முதலில் பார்த்தாள், தன் பெயரைப் பார்ப்பதற்கு முன்னால். இருவருக்கும் ஒரே கூட்டல். ஒரே மார்க் வந்தால் உயிரியலைப் பார்ப்பார்களாம், உயிரியலில் அவளுக்கு ஒன்று அதிகம். ஒரே ஒரு மார்க். எந்தக் கேள்வியில் போயிருக்கும் என்று தங்கமாரி பல நாள் தேடினாள், நாக்கு விழுந்த பல்லின் குழியைத் தேடுகிற மாதிரி. மகரந்தச் சேர்க்கைப் படத்தில் ஒரு பாகம் எழுதாமல் விட்டதா, மரபியலில் கட்டம் போட்டபோது அவசரப்பட்டதா. பிறகு கேள்வியை விட்டுவிட்டு ஆளைத் தேட ஆரம்பித்தாள். ஊர் திருச்சிப் பக்கமாகத்தான் இருக்க வேண்டும். அந்தப் பக்கத்தில்தான் அந்த அம்மன் பெயரைப் பிள்ளைகளுக்கு வைப்பார்கள். உயரமாக இருப்பாளா, பல்லில் கம்பி போட்டிருப்பாளா. சுருட்டை முடி என்று ஒருநாள் தானாக முடிவு செய்தாள். அன்றிலிருந்து அவளுக்குச் சுருட்டை முடி. சாப்பிடும்போது அவள் எதிரே இருந்து சாப்பிட்டாள். மில்லில் சல்லடை ஆடுகிற சத்தத்துக்குள் அவள் பெயர் ஆடியது. அப்பா சொல்லிவிட்டார்: "கவர்மெண்ட் காலேஜ்னா போ. இல்லைன்னா உள்ளூர்ல ஏதாச்சும் டிகிரி படி." ஆகவே அந்த ஒருத்தி நகர்ந்தால் போதும். நர்சிங்குக்குப் போடுகிற பிள்ளைகள் பலபேர் டாக்டர் சீட்டுக்கும் எழுதிவிட்டுக் காத்திருப்பார்கள் என்று பள்ளிக்கூடத்தில் டீச்சர் சொல்லியிருந்தாள். அது கிடைத்தால் இதை விட்டுவிடுவார்கள். ஒரு வெள்ளிக்கிழமை தங்கமாரி கோவிலுக்குப் போய் அகிலாண்டேஸ்வரி பெயருக்கு அர்ச்சனை செய்தாள். "நட்சத்திரம்?" என்று அர்ச்சகர் கேட்டபோது திகைத்து, தன் நட்சத்திரத்தையே சொன்னாள். அவளுக்கு டாக்டர் சீட் கிடைக்க வேண்டும் தாயே. அது நல்ல வேண்டுதல்தான், அதில் யாருக்கும் கெடுதல் இல்லை. ஆனால் வேண்டுதல் ஒரு படியில் நிற்காது. டாக்டர் சீட் இல்லாவிட்டால் வேறு ஏதாவது. மாமன் மகன் யாராவது இருந்து கல்யாணம் பேசிவிட்டால். வீட்டில் அவ்வளவு தூரம் அனுப்ப மாட்டோம் என்று சொல்லிவிட்டால். கலந்தாய்வு அன்றைக்குக் காய்ச்சல் வந்தால், சாதாரணக் காய்ச்சல்தான், ரெண்டு நாளில் இறங்கிவிடுகிற காய்ச்சல். அந்தப் படியில் கால் வைத்ததும் அவளுக்குக் கீழே இன்னும் படிகள் இருப்பது தெரிந்தது. பார்க்காமல் திரும்பிவிட்டாள். ஆனால் இருப்பது தெரிந்துவிட்டது.

ஏனென்றால் அந்தப் படிகளை அவளுக்கு முன்பே தெரியும். சீனியம்மா அத்தை. அப்பாவின் அக்கா, பிள்ளை கிடையாது, பக்கவாதம் வந்து இடது பக்கம் முழுதும் போனபிறகு இவர்கள் வீட்டில்தான் கிடந்தாள். அம்மாவுக்கு மில், அப்பாவுக்கு மில், ஆகவே பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அத்தைக்குத் தங்கமாரி. புரட்டிப் படுக்க வைப்பது, துடைப்பது, இடுப்பெலும்புக்கு மேல் வெடித்த புண்ணுக்கு மருந்து வைப்பது. முதல் முறை அந்தப் புண்ணைப் பார்த்தபோது வாசலுக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். பிறகு பழகியது. பழகியது என்பதுகூடச் சரியில்லை. புண்ணின் ஓரத்தில் ஒருநாள் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் எழும்புவதைக் கண்டபோது பரீட்சையில் முதல் மார்க் வாங்கினதைவிடச் சந்தோஷமாக இருந்தது, அதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் அத்தையிடமே சொன்னாள். நர்சிங் என்கிற ஆசை அன்றைக்குத்தான் உள்ளே விழுந்தது. ஆனால் அத்தை கூப்பிடுவாள். ஏ தங்கம். தண்ணீர் வேண்டும். ஏ தங்கம். தண்ணீர் வேண்டாம். ஏ தங்கம். ஒன்றுமில்லை, இருக்கியான்னு பார்த்தேன். சாய்ந்துபோன வாயால் வருகிற அந்தக் கூப்பிடுதல், வேதியியல் புத்தகத்தின் ஒவ்வொரு வரிக்கு நடுவிலும் புகுந்து, சமன்பாட்டின் இடது பக்கத்தைப் படித்து வலது பக்கத்துக்குப் போவதற்குள் ஏ தங்கம், மறுபடி இடது பக்கம், மறுபடி ஏ தங்கம். பரீட்சைக்கு முந்தின சாயங்காலம் அவள் காதைப் பொத்திக்கொண்டு நினைத்தாள், இந்தக் குரல் நின்றால் போதும். வாய்விட்டுச் சொல்லவில்லை. எழுந்து போய்த் தண்ணீரும் கொடுத்தாள், தலையணையையும் சரி செய்தாள். பரீட்சையெல்லாம் முடிந்து விடுமுறையில் ஒருநாள் மத்தியானம் அத்தை சும்மா இருந்தாள். ரொம்ப நேரம் சும்மா இருந்தாள். வீட்டில் அவ்வளவு அமைதி எப்போதும் இருந்ததில்லை, அந்த அமைதியில் தங்கமாரி கொஞ்ச நேரம் சுகமாக ஒரு வார இதழ் படித்தாள். பிறகுதான் போய்ப் பார்த்தாள். "ரெண்டாவது தடவை வந்துட்டுது, இனி யாரால என்ன செய்ய முடியும்," என்றார் டாக்டர். எல்லோரும் தங்கமாரியைத்தான் பாராட்டினார்கள், பெத்த பிள்ளை செய்யாததைச் செய்தது என்று. அவள் மட்டும் உள்ளுக்குள் வேறொன்றைக் கேட்டுக்கொண்டிருந்தாள். குரல் நின்றால் போதும் என்றாய், நின்றது.

இன்று விடியற்காலையில் விழுப்புரம் தாண்டி வந்தபோது பஸ் மெதுவாக ஊர்ந்தது. கண்ணாடிக்கு வெளியே சாலையோரம் ஒரு வேன் சக்கரங்களை வானத்துக்குக் காட்டிக்கொண்டு கிடந்தது. ஆட்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். தார் ரோட்டில் ஒற்றைச் செருப்பு, பெண்பிள்ளைச் செருப்பு, ஊதாப் பூ வைத்தது. பஸ்ஸில் பாதிப்பேர் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். "திருச்சி வண்டி போலிருக்கு," என்று முன் சீட்டில் யாரோ சொன்னார்கள். சொன்னது யார் என்று பார்க்கவில்லை. உள்ளே ஏதோ ஒன்று அசைந்தது. அது திடுக்கிடல்தானா என்று அவளால் இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. திடுக்கிடலுக்கு முன்னால், ஓர் இமைப்பொழுது, திடுக்கிடலாக இல்லாத இன்னொன்று இருந்தது. அந்த இமைப்பொழுதைத்தான் காலையிலிருந்து மென்றுகொண்டிருக்கிறாள். இப்படிப்பட்டவளுக்கா வெள்ளை உடுப்பு. ராத்திரி வார்டில் இருபது பேர் இவளை நம்பித் தூங்குவார்கள், இவள் ஒவ்வொரு கட்டிலையும் தாண்டும்போது உள்ளுக்குள் என்ன நினைப்பாள் என்று யாருக்குத் தெரியும். மார்க்கைக் கூட்டுகிறார்கள், சாதிச் சான்றிதழைப் பார்க்கிறார்கள், இதைப் பார்க்க ஓர் ஆள் இல்லை. அகிலாண்டேஸ்வரி வேனிலா வருவாள், பஸ்ஸில் வருவாள், ரயிலில் வருவாள், திருச்சியிலிருந்து எத்தனை ரயில். நேற்றே வந்து சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருப்பாள். இதோ இந்தக் கூடத்திலேயே எங்கேயோ உட்கார்ந்திருப்பாள். தங்கமாரி சுருட்டை முடிகளாகத் தேடினாள். நிறையச் சுருட்டை முடி இருந்தது. அவளுக்குச் சுருட்டை முடி என்று யார் சொன்னது.

திரையில் அரசுக் கல்லூரிகளில் அவர்கள் பிரிவுக்கு நேரே மூன்று என்று இருந்தது. ஒரு பிள்ளை மேஜைக்குப் போய் உட்கார்ந்தாள், அவளுடைய அப்பா குனிந்து காதில் ஏதோ சொன்னார், இரண்டு ஆனது. அடுத்தவள் தனியார் கல்லூரி ஒன்றைக் கேட்டாள், வீட்டுக்குப் பக்கமாம், இரண்டு இரண்டாகவே நின்றது. அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அடுத்தவள் போனாள். ஒன்று. அந்த ஒன்று தனியாக, சிவப்பாக, பக்கத்தில் எதுவுமில்லாமல் நின்றது. அம்மா அவள் கையைப் பிடித்தாள். சுரீர் என்று ஒரு வெப்பம், மிளகாய் உள்ளங்கையின் நிரந்தரச் சூடு. ஒலிபெருக்கி கரகரத்தது. "அகிலாண்டேஸ்வரி. கே." கூடத்தில் யாரும் எழவில்லை. ஃபைல்கள் சரசரத்தன, ஒரு குழந்தை சிணுங்கியது, யாரும் எழவில்லை. தங்கமாரி திரும்பித் திரும்பிப் பார்த்தாள். எழுந்திரு. எங்கே இருந்தாலும் எழுந்திரு. ரோட்டில் ஊதாப் பூச் செருப்பு. "அகிலாண்டேஸ்வரி, கே. இருக்கீங்களா?" இரண்டாவது தடவை. இருக்கியான்னு பார்த்தேன். பதில் சொல்லாமல் கிடந்த அத்தையின் திறந்த வாய். கூப்பிட்டும் பதில் வராத இடத்தில் என்ன இருக்கும் என்று இந்தக் கூடத்தில் தங்கமாரிக்கு மட்டும்தான் தெரியும். அம்மாவின் பிடி இறுகியது. "வரலைட்டி அந்தப் பிள்ளை," என்றாள் மூச்சுக்குள். அம்மாவின் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டதும் தங்கமாரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மேஜையில் பெயர் கூப்பிடுகிறவர் மூன்றாவது தடவை கூப்பிட வாய் எடுத்தபோது பக்கத்தில் இருந்தவர் அவரிடம் ஏதோ காகிதத்தைக் காட்டினார். இருவரும் குனிந்தார்கள்.

அப்போது பக்கவாட்டுக் கதவு திறந்தது. தங்கமாரியின் நாற்காலிக்கு நேரே இருந்த கதவு. உள்ளே வந்தவள் குட்டையாக, கறுப்பாக, எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய நேர் முடியோடு இருந்தாள். முகமெல்லாம் வேர்வை, துப்பட்டா ஒரு பக்கமாகத் தொங்கிற்று, ஃபைலை நெஞ்சோடு அணைத்திருந்தாள், பின்னால் யாருமில்லை. கூடத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எது என்ன என்று புரியாமல், மிக அருகில் இருந்த முகத்திடம் குனிந்தாள்.

"அக்கா, எந்த ராங்க் போயிட்டிருக்கு? அகிலாண்டேஸ்வரின்னு கூப்பிட்டாங்களா?"

தெரியலை என்று சொன்னால் போதும். பொய்கூட இல்லை, யார்தான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். தலையை அசைத்தால்கூடப் போதும். அவள் இன்னொருவரிடம் கேட்கப் போவாள், அதற்குள் மூன்றாவது தடவை முடிந்துவிடும், இந்தக் கூட்டத்தில் அது ஒரு சின்ன விஷயம். அம்மாவின் விரல்கள் அவள் மணிக்கட்டை அழுத்தின, அம்மாவும் கேட்டுவிட்டாள். தங்கமாரி அந்தப் பெண்ணின் கழுத்தைப் பார்த்தாள். ஓடி வந்ததில் கழுத்துக் குழியில் நாடி படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது, தோலுக்கு அடியில் ஒரு சின்ன உயிர் வெளியே வரப் பார்ப்பது போல. அடிக்கிறது. அடிக்கிறது.

"ரெண்டு தடவை கூப்பிட்டாச்சு," என்றாள் தங்கமாரி. குரல் அவளுக்கே உரக்கக் கேட்டது. "அந்தா அந்த மேஜை. ஓடுங்க."

அவள் ஓடினாள். நாற்காலிகள் இடித்தன, யாரோ திட்டினார்கள். "சார், நான்தான் சார். ரோட்டுல வேன் கவிழ்ந்து வண்டியெல்லாம் நின்னுபோச்சு சார்." மேஜைக்காரர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "உக்காரும்மா. தண்ணி குடி. சர்டிஃபிகேட் எல்லாம் எடு." வேனுக்குப் பின்னால் நின்ற வண்டி. வேனில் இல்லை, வேனுக்குப் பின்னால். தங்கமாரிக்கு உடம்பு முழுதும் லேசானது. காய்ச்சல் விட்டு முதல் வேர்வை வருகிறபோது இருப்பது போல. அந்த லேசினூடே ஊதாப் பூச் செருப்பு மறுபடி ஒருமுறை வந்தது, அப்படியானால் அது இன்னொருத்தியுடையது, அவள் எந்த வரிசையில் எந்த எண்ணில் இருந்தாளோ. திரையில் ஒன்று கொஞ்ச நேரம் நின்றது. பிறகு பூஜ்யம் ஆனது. பூஜ்யத்தைப் பார்த்தபடியே அம்மா மெதுவாகச் சொன்னாள். "நீ பாட்டுக்குச் சும்மா இருந்திருக்கலாம்." கோபமாகச் சொல்லவில்லை. மணிக்கட்டை விடவும் இல்லை.

தங்கமாரியின் பெயர் வந்தது. நல்ல குரலில், நிதானமாக. எழுந்து மேஜைக்கு நடந்தாள், அம்மாவும் கூடவே வந்தாள். "அரசுக் கல்லூரி உங்க பிரிவுல முடிஞ்சுடுச்சும்மா," என்றார் அவர், தினமும் நூறு பேரிடம் சொல்லி மழுங்கின பரிவோடு. "தனியார்ல கவர்மெண்ட் கோட்டா இருக்கு. வேணும்னா எடுத்துக்கலாம். இல்ல, வெயிட்டிங்ல நிக்கலாம், அடுத்த சுற்றுல யாராவது விட்டா வரும்." யாராவது விட்டால். மறுபடியும் ஒரு பெயர், மறுபடியும் ராத்திரி பகலாக அந்தப் பெயரோடு சாப்பிட்டு, அந்தப் பெயரோடு தூங்கி, படிப்படியாகக் கீழே. அப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது, உள்ளூர் கல்லூரியின் பச்சைக் கதவு நினைவுக்கு வந்தது. "வேண்டாம்," என்று சொல்லப் போனாள். எதை வேண்டாம் என்கிறோம் என்று அவளுக்கே தெளிவில்லை.

"தனியாரே போடுங்க சார்," என்றாள் அம்மா.

"அம்மா, அப்பா வந்து..."

"அப்பாட்ட நான் பேசிக்கிடுதேன்." அம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து திரையை நிமிர்ந்து பார்த்தாள். "படுத்துக் கெடந்த மதினிய நீ பார்த்துக்கிட்டதுனாலதான நான் மில்லுக்குப் போனேன். அவருக்கும் அது தெரியும். தெரியலைன்னா தெரிய வைக்கேன். எந்த ஊருன்னு சொல்லு."

நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரி இருந்தது. தங்கமாரி அதைச் சொன்னாள். எங்கோ ஓர் எண் குறைந்திருக்கும், அவள் பார்க்கவில்லை.

வெளியே வராந்தாவில் வெயில் பாதி வரைக்கும் வந்திருந்தது. அம்மா அப்பாவுக்குப் போன் போடத் தூணுக்கு அந்தப் பக்கம் போனாள். குழாயடியில் அந்தக் குட்டைப் பெண் முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். இவளைக் கண்டதும் ஈரக் கையோடு வந்தாள். "ரொம்ப தேங்க்ஸ் அக்கா. நீங்க சொல்லலைன்னா எனக்குப் போயிருக்கும். அப்பா இல்லை, அம்மாவுக்கு உடம்பு முடியாது, தனியாத்தான் வந்தேன்." பிறகு, கேட்டாக வேண்டுமே என்பது போல, "உங்க ராங்க் என்னக்கா?"

தங்கமாரி சொன்னாள்.

அவள் முகத்தில் வழிந்த தண்ணீர் அப்படியே நின்றது போலிருந்தது. உதடுகள் ஏதோ கணக்குப் போட்டன. கணக்கு சரியாக வந்துவிட்டது என்பது கண்ணில் தெரிந்தது.

"நீங்கதான் தங்கமாரியா?"

"என் பேரு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாமயா." அவள் ஓரடி பின்னால் போனாள், பிறகு அதே அடியை முன்னால் வைத்தாள். "லிஸ்டு வந்ததுலேர்ந்து தினமும் பார்ப்பேன். எனக்கு அடுத்து நீங்க. ஒரே மார்க்கு. எங்கேயாவது தப்புக் கண்டுபிடிச்சு என் மார்க்குல ஒண்ணைக் குறைச்சுட்டா, நீங்க என்னைத் தாண்டிடுவீங்க. ராத்திரியில யாரோ முதுகுக்குப் பின்னால நிக்கிற மாதிரியே இருக்கும். அம்மாகிட்டகூட சொல்லலை. நீங்க உயரமா, கண்ணாடி போட்டுக்கிட்டு இருப்பீங்கன்னு நெனைச்சேன்." குரல் தணிந்தது. "உங்களுக்கு ஏதாச்சும் ஆயிடணும்னுகூட ஒருநாள் நெனைச்சேன் அக்கா. சும்மா, ஒரு காய்ச்சல் மாதிரி."

தான் எத்தனையோ இரவுகள் இன்னொரு வீட்டுக்குள், திருச்சிப் பக்கத்தில் ஏதோ ஒரு தெருவில், தெரியாத ஒரு முதுகுக்குப் பின்னால் உயரமாக, கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றிருக்கிறோம் என்பது மெல்ல மெல்லத்தான் தங்கமாரிக்கு ஏறியது.

அகிலாண்டேஸ்வரி தயங்கித் தயங்கிக் கையை நீட்டினாள். நீர் சொட்டுகிற விரல்களால் தங்கமாரியின் முழங்கையைத் தொட்டாள். தொட்டு, லேசாக அழுத்தி, நிஜமாகவே ஆள்தானா என்று பார்த்தாள்.